குல்மார்க்கில் பனி இல்லையென்றால் என்ன செய்வதாக உத்தேசம்?

டிசம்பரிலும் ஜனவரியிலும் பனி பார்ப்பதற்கென்றே காஷ்மீருக்கும் மணாலிக்கும் டிக்கெட் போட்டிருக்கிற, போடப் போகிற தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கும், புதுமணத் தம்பதிகளுக்கும், நண்பர் கூட்டங்களுக்கும்,



பயண ஏற்பாட்டாளரிடம் நீங்கள் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "பனி கேரண்டியா இருக்குமா சார்?" ஓட்டல் எப்படி, சைவச் சாப்பாடு கிடைக்குமா, அம்மாவுக்கு வெந்நீர் கிடைக்குமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். கேட்பதில் தப்பே இல்லை. சீட்டு எடுத்த பணத்திலோ போனஸ் பணத்திலோ வாழ்நாளில் ஒரு தடவை போகிற பயணம். திருச்சியிலும் தூத்துக்குடியிலும் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு கைப்பிடி பனியை அள்ளித் தம்பி மேல் எறிய வேண்டும் என்று ஆசை இருப்பது இயற்கை. அதைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. போகாதீர்கள் என்று சொல்லவும் இந்த மடலை எழுதவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு "கேரண்டி" என்று பதில் சொல்கிற ஏற்பாட்டாளர் இப்போது உங்களிடம் பொய் சொல்கிறார். பொய் வெளுக்கும் நாளில் நீங்கள் மலைமேல் நிற்பீர்கள். அவர் சென்னையில் இருப்பார். அந்த நாளில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

2024 ஜனவரியை எடுத்துக்கொள்ளுங்கள். குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டாச் சிகரமும் கிட்டத்தட்ட அதே உயரம்தான், 2,637 மீட்டர். ஆனால் வெகுதூரம் வடக்கே இருப்பதால் குல்மார்க்கில் ஜனவரி மாதம் புல் தெரியக் கூடாது. முழங்காலளவாவது பனி கிடக்க வேண்டும். அந்த ஆண்டு ஜனவரி கடைசி வரைக்கும் புல் தெரிந்தது, அதுவும் காய்ந்து பழுப்பேறிய புல். அப்போது முதல்வர் பொறுப்பில் இல்லாத உமர் அப்துல்லா அந்த வெற்று மலையின் படத்தைச் சமூக ஊடகத்தில் போட்டு, குளிர்காலத்தில் குல்மார்க்கை இவ்வளவு வறட்சியாகத் தான் பார்த்ததே இல்லை என்று எழுதினார். வடமேற்கு இந்தியாவுக்கு 1901க்குப் பிறகு இரண்டாவது மிக வறண்ட ஜனவரி அது என்பது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கு. மாதம் முடியும் தறுவாயில்தான் வானம் மனமிரங்கியது.

அதற்குள் வெளிநாட்டுச் சறுக்கு வீரர்கள் முன்பதிவை ரத்து செய்துவிட்டார்கள். உள்நாட்டுப் பயணிகளிலும் பலர் ரத்து செய்தார்கள். வந்து சேர்ந்தவர்கள் கேபிள் காரில் ஏறி, மேலே எங்காவது திட்டுத் திட்டாக வெள்ளை தெரிகிறதா என்று தேடினார்கள். வாடகைக்கு எடுத்த கம்பளிக் கோட்டையும் கம்பூட்டையும் மாட்டிக்கொண்டு வெயிலில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு வருஷம் அப்படித்தான் இருக்கும், அடுத்த வருஷம் சரியாகிவிடும் என்று நினைக்கலாம். 2025இல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் குல்மார்க் பகுதி பிப்ரவரி 22இல் தொடங்குவதாக இருந்தது. சறுக்கப் பனி இல்லை என்று தள்ளிவைத்து மார்ச் 9 முதல் 12 வரை நடத்தினார்கள். உத்தராகண்டின் ஔலியில் 2023 பிப்ரவரியில் நடக்க வேண்டிய தேசியப் பனிச்சறுக்குப் போட்டிகள் ரத்தாயின, அதே காரணம்தான். இந்துகுஷ் இமயமலைப் பகுதி முழுவதையும் கண்காணிக்கும் காத்மாண்டு ஆய்வு மையமான இசிமோட், 2025 குளிர்காலத்தில் பனி தரையில் தங்கிய அளவு வழக்கத்தைவிட 23.6 சதவீதம் குறைவு என்று அறிவித்தது. 23 ஆண்டுகளில் மிகக் குறைவு அது. தொடர்ந்து மூன்றாவது ஆண்டாகக் குறைந்ததும் கூட.

ஏன் இப்படி ஆகிறது? இமயமலைக்குக் குளிர்காலப் பனி வருவது வங்கக்கடலிலிருந்தோ அரபிக்கடலிலிருந்தோ எழும் நம் பருவமழை வழியாக அல்ல. மத்தியதரைக் கடல் பக்கத்தில் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக மேலடுக்குக் காற்றில் சவாரி செய்து வரும் புயல் அமைப்புகள்தான் அதைக் கொண்டுவருகின்றன. வானிலைக்காரர்கள் மேற்கத்திய இடையூறுகள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டிசம்பரிலும் ஜனவரியிலும் வலுவாக வர வேண்டியவை சில ஆண்டுகளில் வலுவிழந்து வருகின்றன. அவற்றின் பருவம் நீண்டு கோடை வரைக்கும் இழுப்பதாக அண்மை ஆய்வுகள் காட்டுகின்றன. 2023-24இல் எல் நினோவும் சேர்ந்துகொண்டது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வெறும் சூடு. காற்று ஒரு டிகிரி சூடானால், மழை பனியாக மாறும் எல்லைக்கோடு ஏறத்தாழ 150 மீட்டர் மேலே ஏறிவிடும். குல்மார்க் புல்வெளி அந்தக் கோட்டுக்கு அருகிலேயே இருக்கிற இடம். அரை டிகிரி, ஒரு டிகிரி வித்தியாசத்தில் அங்கே பனிக்குப் பதிலாக மழை பெய்துவிட்டுப் போகும்.

இதெல்லாம் உங்கள் பயணத்துக்கு வந்த இடைஞ்சல் மட்டும் இல்லை என்பதற்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாளைக் காஷ்மீரிகள் சில்லை கலான் என்கிறார்கள், கடுங்குளிர் மண்டலம். அடுத்த இருபது நாள் சில்லை குர்த், அதற்கடுத்த பத்து நாள் சில்லை பச்சா. மூன்றிலும் பனி பெய்யலாம். ஆனால் கணக்கில் வருவது முதல் நாற்பது நாளில் விழும் பனிதான். அது உறைந்து இறுகி மலையிலேயே உட்கார்ந்துவிடும். ஏப்ரலில் தொடங்கி மெல்ல மெல்லக் கரைந்து ஊற்றுகளுக்கும் ஓடைகளுக்கும் ஜீலம் ஆற்றுக்கும் ஜூன் மாத நெல் நடவுக்கும் போய்ச் சேரும். மார்ச்சில் விழும் பனி எவ்வளவு அழகாக இருந்தாலும் சூடேறிய தரையில் நாலு நாளில் ஓடிவிடும். நம் டெல்டா விவசாயிக்கு ஜூன் 12 அன்று மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் என்பது எப்படியோ, காஷ்மீர் விவசாயிக்கு ஜனவரியில் எத்தனை அடி பனி என்பது அப்படி. 2025 பிப்ரவரியில் அனந்த்நாக் மாவட்டத்தில் அச்சபல் முகலாயத் தோட்டத்தின் ஊற்று வற்றிப்போனது. பல ஊர்களுக்குக் குடிநீர் தந்த ஊற்று அது. அதே மாதம் குல்மார்க்கில் விளையாட்டுகள் தள்ளிப்போனதைச் செய்தியில் படித்த நம்மவர்களில் எத்தனை பேர் அச்சபலைப் பற்றிப் படித்திருப்பார்கள்?

ஆப்பிளுக்கும் குளிர் வேண்டும். குளிர்காலத்தில் போதிய நேரம் உறங்காத மரம் ஒழுங்காகப் பூக்காது. பிப்ரவரி வெயிலை நம்பி முன்கூட்டியே பூத்துவிட்டால், பின்னால் வரும் திடீர்க் குளிர் பூவைக் கருக்கிவிடும். ஆகவே பழுப்பு மலையைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும் நேரத்தில், பக்கத்தில் நிற்கும் ஓட்டுநரின் முகம் ஏன் உங்களைவிட வாடியிருக்கிறது என்று யோசியுங்கள். அவருக்கு வீட்டில் ஒரு துண்டு தோட்டம் இருக்கும்.

இனி, பனி இல்லாதபோது பயணிகள் என்ன செய்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். இதை ஒரு துறையாகவே ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் டேனியல் ஸ்காட், ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் ராபர்ட் ஸ்டைகர் போன்றவர்கள் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். பனிச்சறுக்குக்குப் போகிறவர் பனி குறையும்போது இடத்தை மாற்றலாம், காலத்தை மாற்றலாம், சறுக்குவதை விட்டு வேறு பொழுதுபோக்குக்கு மாறலாம், அல்லது பழக்கத்தையே கைவிடலாம். இந்தப் பிரிவுகள் ஆண்டுதோறும் மலைக்குப் போகிற ஐரோப்பியரையும் வட அமெரிக்கரையும் பார்த்துப் போட்டவை. ம்யூனிக்கிலோ லியோனிலோ இருப்பவர் இந்த வாரம் பனி இல்லையென்றால் அடுத்த வாரம் போவார். இந்தப் பள்ளத்தாக்கு சரியில்லையென்றால் அடுத்ததற்குக் காரைத் திருப்புவார்.

உங்களால் முடியுமா? விமான டிக்கெட் மூன்று மாதம் முன்னால் போட்டது. திருப்பித் தர மாட்டார்கள். ஆபீசில் லீவு ஆறு நாள். பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை. காலத்தையும் மாற்ற முடியாது, இடத்தையும் மாற்ற முடியாது. உங்களுக்குச் சறுக்கவும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. சறுக்குத் தொழிலில் ஒரு பழைய கணக்கு உண்டு: வருஷத்தில் நூறு நாளாவது 30 சென்டிமீட்டர் பனி கிடந்தால்தான் அந்த மலையில் வியாபாரம் கட்டுப்படியாகும். உங்களுக்கு நூறு நாள் வேண்டாம். ஒரு நாள், ஒரு திட்டு வெள்ளை போதும். அதில் நின்று படம் எடுத்து, உருண்டை பிடித்து எறிந்தால் வந்த காரியம் முடிந்தது. இதில் ஒரு வசதி இருப்பதுபோல் தோன்றும். ஆனால் இந்த வசதிதான் தொல்லையின் ஊற்றுக்கண். பனி சுருங்கச் சுருங்க, அத்தனை பேரும் அந்த ஒரு திட்டைத் தேடித்தான் போகிறார்கள்.

"இன்னும் கொஞ்சம் மேலே போகலாமா பையா?" இதுதான் பனி இல்லாத ஜனவரியின் தேசிய கீதம்.

மேலே போவது எளிதாகிவிட்டது. குல்மார்க் கேபிள் காரின் முதல் கட்டம் 1998இல் வந்தது; சுமார் 3,080 மீட்டரில் இருக்கும் கொங்டூரிக்குப் போகும். 2005இல் வந்த இரண்டாம் கட்டம் அஃபர்வட் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டரில் கொண்டுபோய் இறக்கிவிடும். 2023இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் ஏறினார்கள். கீழே பனி இருந்தால் முதல் கட்டத்தோடு திரும்புகிறவர்களும், இல்லாத நாளில் இரண்டாம் கட்டத்துக்கு வரிசை கட்டுகிறார்கள். அந்த உயரத்தில் காற்றில் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான். முந்தாநாள் வரை மயிலாப்பூரிலோ பாளையங்கோட்டையிலோ இருந்த, இரத்த அழுத்த மாத்திரை போடுகிற அப்பாவை ஒரு மணி நேரத்துக்குள் அங்கே ஏற்றி நிறுத்துகிறோம். பனி கீழேயே கிடைத்திருந்தால் யாரும் அவரை அங்கே கூட்டிப்போயிருக்கப் போவதில்லை.

மேலே இன்னொரு அபாயம் உண்டு. நீண்ட வறட்சிக்குப் பிறகு ஒரே மூச்சில் கொட்டும் பனி அடித்தளத்தோடு ஒட்டாமல் இருக்கும், சரிந்து வரும். 2024இல் ஜனவரி முழுக்க வாடிய குல்மார்க்கில் பிப்ரவரி 22 அன்று பனிச்சரிவில் ஒரு ரஷ்யச் சறுக்கு வீரர் இறந்தார். 2023 பிப்ரவரி 1 அன்று போலந்து நாட்டவர் இருவர் இறந்திருந்தார்கள். பனி குறைகிறது என்றால் ஆபத்தும் குறைகிறது என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். குறைவது மொத்த அளவு. வரும்போது கண்மண் தெரியாமல் வருகிறது.

மணாலியில் இந்த மேலேறும் கதைக்கு நீதிமன்றப் பதிவே இருக்கிறது. 3,978 மீட்டரில் இருக்கும் ரோதங் கணவாய்க்கு ஆயிரக்கணக்கான டீசல் வண்டிகள் பனி காட்டப் போய்க்கொண்டிருந்தன. அவற்றின் புகைக்கரி பனிமேல் படிந்து, வெயிலை உறிஞ்சி, பனியை இன்னும் வேகமாக உருக்குகிறது என்று 2014இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. பின்னர் நாளொன்றுக்குப் பெட்ரோல் வண்டி 800, டீசல் வண்டி 400 என்று வரம்பு வந்தது. பனி பார்க்கப் போன வண்டியே பனியைத் தின்றிருக்கிறது. பிறகு 2020 அக்டோபரில் 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்தது. கணவாயில் ஏறாமலே மலையைக் குடைந்து அந்தப் பக்கம் போய்விடலாம். முன்பெல்லாம் குளிர்காலம் முழுக்க வெளியுலகத் தொடர்பு அறுந்து கிடந்த லாஹுல் பள்ளத்தாக்கின் சிஸ்ஸுவும் கோக்சரும் இப்போது "மணாலியில் பனி இல்லையா, அங்கே போங்கள்" என்று கைகாட்டும் இடங்களாகிவிட்டன. 2024 டிசம்பரில் ஒரு நாள் பனி கொட்டியபோது மணாலியை அடுத்த சோலாங்குக்கும் சுரங்கத்துக்கும் நடுவே சுமார் ஆயிரம் வண்டிகள் மாட்டிக்கொண்டன. அத்தனை நாள் பனி இல்லையே என்று புலம்பியவர்கள், ஒரே இரவில் பனி போதும் என்று கும்பிட்டார்கள்.

அதே வாரம் காஷ்மீரிலும் கொட்டியது. சோன்மார்க் பக்கம் போய்த் திரும்ப முடியாமல் நின்ற பஞ்சாப் பயணிகளுக்கு குண்ட் என்ற ஊர்க்காரர்கள் தங்கள் மசூதியைத் திறந்துவிட்டுப் படுக்க இடம் கொடுத்தார்கள். பேக்கேஜ் விலைப்பட்டியலில் இல்லாத சேவை இது.

இங்கே சினிமாவைப் பற்றி ஒரு இடைச்செருகல். நம் மனசில் இருக்கும் காஷ்மீர்ப் பனியில் பாதி காஷ்மீர்ப் பனியே இல்லை. 1992இல் வந்த 'ரோஜா'வின் காஷ்மீர்க் காட்சிகளைப் பாதுகாப்புக் கருதி மணாலிப் பக்கம் எடுத்தார்கள். 2023இல் வந்த 'லியோ'வின் கதை நடப்பது இமாச்சலப் பிரதேசத்தின் தியோக்கில், எடுத்தது காஷ்மீரில். முப்பது வருஷ இடைவெளியில் இரண்டு மலையும் ஒன்றுக்கொன்று வேஷம் போட்டுக்கொண்டன; நாமும் டிக்கெட் வாங்கிப் பார்த்தோம். ஆக, எந்த மலை என்பது நமக்கு எப்போதுமே முக்கியமாக இருந்ததில்லை. வெள்ளையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த மனசு சினிமாவோடு நிற்காமல் பயணத்துக்கும் வந்துவிட்டது. குல்மார்க்கில் இல்லையென்றால் சோன்மார்க், அங்கே இல்லையென்றால் மணாலி, அதுவும் இல்லையென்றால் ஜார்ஜியா, கஜகஸ்தான். வெள்ளை மட்டும் போதுமென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபி ஸ்நோ கிங்டத்துக்குப் போகலாமே. கிண்டலாகச் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பனி உருண்டை எறிய வேண்டும் என்பது மட்டும்தான் ஆசை என்றால், அது நியாயமான, செலவு குறைந்த வழி.

ஐரோப்பாவில் இந்தப் பிரச்சினைக்குப் பணத்தால் பதில் சொல்லிப் பார்த்தார்கள். பீரங்கி மாதிரி இயந்திரங்களை வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சிச் செயற்கைப் பனி செய்கிறார்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸ் ஏறக்குறைய முழுவதுமே அப்படிச் செய்த பனியில் நடந்தது. ஒரு ஹெக்டேர் சரிவில் 30 சென்டிமீட்டர் நிரப்ப சுமார் பத்து லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். அதோடு காற்று உறைநிலைக்குக் கீழே இருந்தாக வேண்டும். ஔலியிலும் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளை ஒட்டி இயந்திரங்கள் வந்தன. 2023இல் போட்டிகள் ரத்தானதைத்தான் மேலே சொன்னேனே. பிரான்ஸில், பிரனீஸ் மலையின் லுஷோன்-சூப்பர்பன்யேரில் 2020 பிப்ரவரியில் ஹெலிகாப்டரில் சுமார் 50 டன் பனியை உச்சியிலிருந்து அள்ளிக் கீழ்ச்சரிவில் கொட்டினார்கள். விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் ஏமாறக் கூடாதாம். 28 ஐரோப்பிய நாடுகளில் 2,234 சறுக்குத் தலங்களை ஆராய்ந்த 2023ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, பூமி 2 டிகிரி சூடானால் செயற்கைப் பனி இல்லாத நிலையில் 53 சதவீதத் தலங்களுக்குப் பனிப் பற்றாக்குறை மிகக் கடுமையாக இருக்கும் என்கிறது. 4 டிகிரி என்றால் 98 சதவீதம்.

இன்னொரு வகைப் பயணி அங்கே உருவாகியிருக்கிறார். நம் ஊரிலும் தலைகாட்டுகிறார். "உருகி முடியறதுக்குள்ள ஒரு தடவை பார்த்துடணும்" என்கிறவர். பிரான்ஸின் ஷாமொனியில் மேர் தெ கிளாஸ் பனியாற்றுக்கு 1988இல் கேபிள் காரிலிருந்து இறங்கி மூன்றே படியில் போய்விட முடிந்தது. பனியாறு மெலிந்து கீழே இறங்கிக்கொண்டே போனதால் பிற்பாடு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டியதாயிற்று. கூட்டம் குறையவில்லை. பொலிவியாவின் சாகால்தாயாவில் 5,300 மீட்டர் உயரத்தில் ஒரு காலத்தில் சறுக்கினார்கள். 2009இல் அந்தப் பனியாறே மறைந்துவிட்டது. சாவு வீட்டுக்குப் போகிறவர்களுக்காவது துக்கம் விசாரிக்கும் முறை தெரியும். இந்தக் கடைசி தரிசனக்காரர்கள் போவதற்கு எரிக்கும் எரிபொருளே அந்தச் சாவைச் சீக்கிரப்படுத்துகிறது என்பதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

சென்னையிலிருந்து ஸ்ரீநகர் நேர்க்கோட்டில் 2,400 கிலோமீட்டர். நானும் விமானத்தில் போகிறவன்தான். உங்களுக்கு உபதேசம் செய்ய எனக்கு அருகதை குறைவு. ஆனால் ஒரு தகவல் சொல்கிறேன். 2025 ஜூனில் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. 359 மீட்டர் உயர செனாப் பாலத்தின் மேலே போகிறது. கன்னியாகுமரியிலிருந்து ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் கட்ரா வரை போகிறது. அதாவது தெற்குமுனையிலிருந்து காஷ்மீர்ப் பள்ளத்தாக்குக்கு முழுவதும் தண்டவாளத்திலேயே போகலாம். மூன்று இரவு ரயிலிலேயே போய்விடும், உண்மைதான். ஓய்வுபெற்றவர்களே, பத்து நாளுக்கு மேல் லீவு எடுக்க முடிகிறவர்களே, இது உங்களுக்கு.

இப்போது நான் அதிகம் வருத்தப்படும் இடத்துக்கு வருகிறேன். குல்மார்க்குக்குக் கீழே டங்மார்க் சுற்று வட்டார ஊர்களிலிருந்து ஆண்கள் ஸ்லெட்ஜ் இழுக்க மேலே வருகிறார்கள். மரப்பலகையில் உங்களை உட்கார வைத்து, கயிற்றைத் தோளில் போட்டு மேட்டில் இழுத்துப்போய்ச் சரிவில் விடுவார்கள். குளிர்காலத்தில் வயலில் வேலை இல்லை, இதுதான் வருமானம். கம்பூட்டும் கோட்டும் வாடகைக்கு விடுகிறவர், சறுக்குப் பலகை மாட்டிவிட்டு நாலு அடி நடக்கச் சொல்லித்தருகிற பையன், தேநீர்க் கடைக்காரர், குதிரைக்காரர் எல்லோருக்கும் அந்த இரண்டு மாதம்தான் அறுவடை. பனி இல்லையென்றால் ஓட்டலுக்குப் பாதி நஷ்டம். உங்கள் முன்பணம் அவர்களிடம் இருக்கிறது; நீங்களும் படுக்கவும் சாப்பிடவும் செய்வீர்கள். ஸ்லெட்ஜ் இழுப்பவருக்கு முழு நஷ்டம். காலநிலை மாற்றத்தின் விலையை முதலில் கட்டுகிறவர் அவர். அவரிடம் கார் கிடையாது, பல பேர் விமானத்தில் ஏறியதும் இல்லை.

அந்த ஆளிடம்தான் நம்மவர்களில் சிலர் "ஏமாத்திட்டீங்க" என்று சண்டை போடுகிறார்கள். பேக்கேஜ் விற்றது யார், விளம்பரத்தில் போன வருஷத்து, முந்தின வருஷத்து வீடியோவைப் போட்டு "லைவ் ஸ்நோஃபால்" என்று எழுதியது யார் என்பதெல்லாம் அந்த நேரத்தில் மறந்துபோகிறது. எதிரில் நிற்கிறவர்மேல் பாய்கிறோம். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு பயணிகள் ஒரேயடியாக விலகியதில் ஏற்கெனவே ஒடிந்துபோனவர்கள் அவர்கள். அடுத்து வானமும் கைவிடுகிறது.

எனக்கு உங்களிடம் கேட்க இருப்பவை பெரிய காரியங்கள் இல்லை. பனி இல்லை என்று தெரிந்ததும் பயணத்தை ரத்து செய்யாதீர்கள். டிக்கெட் போட்டாயிற்று என்றால் போங்கள். ஸ்ரீநகரின் பழைய நகரத்தில் நடந்து பாருங்கள், கான்கா மௌலாவின் மரவேலையைப் பாருங்கள், அதிகாலையில் தால் ஏரியின் மிதக்கும் காய்கறிச் சந்தைக்குப் போங்கள், கங்ரி கரியடுப்பை ஃபெரன் அங்கிக்குள் வைத்துக்கொண்டு ஒரு வீட்டில் கஹ்வா தேநீர் குடியுங்கள். பனி இல்லாத குல்மார்க்கிலும் யாரையாவது கூட்டிக்கொண்டு காட்டுப் பாதையில் நடக்கலாம்; ஸ்லெட்ஜ் இழுக்கிறவருக்கு அந்தக் காடு உங்கள் கைப்பேசியைவிட நன்றாகத் தெரியும். அவரை வழிகாட்டியாக அமர்த்துங்கள். அன்றைக்கு அவர் வீட்டில் அடுப்பு எரியும். தேதியைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருப்பவர்கள் டிசம்பர் 25ஐயும் புத்தாண்டையும் விட்டுவிட்டு பிப்ரவரி நடுப்பகுதியைப் பாருங்கள். அண்மை ஆண்டுகளில் பனி தாமதமாகவே வருகிறது. கூட்டமும் குறைவாக இருக்கும்.

மேலே போகச் சொல்லி ஓட்டுநரை வற்புறுத்தாதீர்கள். அவர் மறுத்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. கூடுதலாக ஐந்நூறு ரூபாய் கொடுத்து அந்தக் காரணத்தை விலைக்கு வாங்காதீர்கள். எச்சரிக்கைப் பலகை தாண்டி ஒரு காலடிகூட எடுத்துவைக்காதீர்கள். திட்டுப் பனியில் நிற்கும்போது சிப்ஸ் உறையைப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பனிதான் கீழே யாருக்கோ மே மாதத்துக் குடிநீர்.

பயணம் விற்கும் ஏற்பாட்டாளர்களே, நீங்களும் இந்த மடலைப் படிப்பீர்கள் என்று தெரியும். ஒரே ஒரு வேண்டுகோள்: வீடியோவில் தேதியைப் போடுங்கள்.

பயணிகளே, முன்பணம் கட்டும் முன்னால் அவரிடம் "பனி இருக்குமா" என்று கேட்பதை விட்டுவிட்டு, "பனி இல்லாவிட்டால் மூன்றாம் நாளும் நாலாம் நாளும் எங்களை எங்கே கூட்டிப்போவீர்கள்?" என்று கேளுங்கள். பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுக்கிறவரிடம் பணம் கட்டாதீர்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே பனி பார்க்கப் போகும் ஒருவன்